காகிதத்தில் மூன்று பேர்

அந்த வீட்டில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். காகிதத்தில் மூன்று பேர். நான், என் கணவர், மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள். நான்காவது ஆள் என் அக்கா. அவள் பெயரை முத்திரைத்தாளில் எழுதாமல் விட்டது நான்தான். மழை மீதும் வாடகை மீதும் வீட்டுக்காரச் சேச்சி மீதும் பழியைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். எதுவும் நிற்கவில்லை, கடைசியில் என்னிடமே திரும்பி வந்துவிடுகிறது.

கொச்சியில், மட்டாஞ்சேரிப் பக்கம் வீடு தேடிப் போனால் முதல் கேள்வி எந்த ஊர் என்பது. இரண்டாவது, எத்தனை பேர். முதல் கேள்விக்கு எங்களிடம் பொய் கிடையாது, வாயைத் திறந்தாலே தேனிப் பக்கம் என்று தெரிந்துவிடும். இரண்டாவது கேள்விக்குத்தான் பொய் சொல்லக் கற்றுக்கொண்டோம். அதைக் கற்றுக்கொடுத்தவர் முன்பு பள்ளுருத்தியில் எங்களுக்கு வீடு வாடகைக்குக் கொடுத்திருந்தவர். ஒருநாள் சாயா வாங்கிக் கொடுத்து, மகளின் கன்னத்தைக் கிள்ளி, வீட்டில் எத்தனை பேர் என்று அன்பாக விசாரித்தார். நாங்களும் பல்லை இளித்துக்கொண்டு நான்கு பேர் என்றோம். அடுத்த மாதத்திலிருந்து தலைக்கு இவ்வளவு என்று வாடகையை ஏற்றிவிட்டார். இரண்டு மாதம் தாக்குப்பிடித்துவிட்டு வெளியேறினோம். அன்பாகக் கேட்கிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அப்போது மனதில் பதிந்தது. தப்பான பாடம், ஆனால் நன்றாகப் பதிந்துவிட்டது.

என் கணவருக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை. மழை பிடித்தால் சுவர் காயாது, சுவர் காயாவிட்டால் வேலை இல்லை. ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில் தொடங்கி ஓணம் நெருங்கும் வரை பாதி நாள் வீட்டில்தான் இருப்பார். நான் போர்ட் கொச்சியில் ஒரு ஹோம்ஸ்டேயில் அறை கூட்டித் துடைத்துப் படுக்கை விரிக்கிறேன். மாதச் சம்பளம்; அது வீட்டு வாடகையை விடக் கொஞ்சம்தான் அதிகம். அக்கா தோப்பும்படிப் பக்கம் ஒரு பீலிங் ஷெட்டில், இங்கே செம்மீன் என்கிற இறாலை உரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கணவர் வேறொருத்தியோடு திருப்பூருக்குப் போன பிறகு ஒரே ஒரு பையோடு எங்களிடம் வந்தவள். எத்தனை கிலோ உரித்தாளோ அத்தனைக்குக் கூலி. அந்தக் கூலி சேர்ந்தால்தான் மழை மாதங்களில் எங்களால் வாடகை கொடுக்க முடியும். ஆக, அக்கா இல்லாமல் வாடகை கட்ட முடியாது. அக்கா இருக்கிறாள் என்று சொன்னால் வீடு கிடைக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நாங்கள் குடியிருந்தோம்.

மட்டாஞ்சேரி வீட்டைக் காட்டிய புரோக்கர், பஜார் ரோட்டில் நின்றபடியே விஷயத்தைச் சொல்லிவிட்டார். பழைய வீடு, நான்காகத் தடுத்திருக்கிறார்கள், தண்ணீர்த் தொட்டி சிறியது, அதனால் ஒரு பகுதிக்கு மூன்று பேருக்கு மேல் கூடாது, வீட்டுக்காரச் சேச்சி அதில் கண்டிப்பு. நான் கணவரைப் பார்த்தேன். அவர் தெருவைப் பார்த்தார். நாங்கள் மூன்று பேர்தான் என்று நான் சொன்னேன். அக்கா அப்போது ஷெட்டில் இருந்தாள்.

இங்கே வாடகை ஒப்பந்தத்தைக் கரார் என்பார்கள், பதினொரு மாதத்துக்குத்தான் எழுதுவார்கள். பதினொரு மாதம் முடிந்தால் புதிதாக எழுத வேண்டும், அப்போது வாடகையும் ஏறும். எங்கள் கரார் மலையாளத்தில் இருந்தது. பெரியவர்கள் மூன்று பேருக்கும் அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. மகள்தான் தரையில் விரித்துவைத்து விரலால் தொட்டுத் தொட்டு வாசித்துச் சொன்னாள். வாசித்து முடித்துவிட்டு, பெரியம்மா பேரு எங்கே என்று கேட்டாள். அக்காதான் சமாளித்தாள்.

"நான் டிக்கெட் எடுக்காம ஏறுன ஆளுடி. செக்கர் வந்தா எறங்கிக்கிருவேன்."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது எரிச்சலாக வருகிறது.

செக்கர் வரும் நாள் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை. சேச்சிக்கு வீடு பள்ளுருத்தியில். ஐம்பத்தைந்து வயதிருக்கும். போனில் அனுப்புங்கள் என்று யாரிடமும் கேட்க மாட்டார். சர்ச்சில் காலைப் பூசை முடிந்து, குடையோடு பஸ் ஏறி, பதினொரு மணிவாக்கில் வந்து நான்கு பகுதிகளிலும் வாடகை வாங்குவார். எங்களிடம் பால் விடாத கட்டஞ்சாயா குடிப்பார். குளியலறைக் குழாய் ஒழுகுகிறதா என்று திருகிப் பார்ப்பார். அதிகம் பேச மாட்டார். மற்ற மூன்று பகுதிகளிலும் வங்காளம், அசாம் பக்கத்து ஆட்கள் இருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கிருந்தும் ஒருவர் இருவர் காலையிலேயே கிளம்பி வெளியே போவதைப் பார்த்திருக்கிறேன். யாரும் யாரையும் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

அக்கா ஒன்பது மணிக்கே கிளம்பிவிடுவாள். அவள் போன பிறகு அவளை வீட்டிலிருந்து துடைத்தெடுப்பது என் வேலை. பல் துலக்கும் பிரஷ், தட்டு, சீப்பு, கொடியில் காயும் சேலை, அவளுடைய பாய். எல்லாவற்றையும் ஒரு அரிசிச் சாக்கில் திணித்துக் கட்டிலுக்கடியில் தள்ளுவேன். கை வாடை போக அவள் தேய்த்துவிட்டுச் சன்னல் திண்டில் வைத்திருக்கும் எலுமிச்சை மூடிகளைக்கூடப் பொறுக்கிப் போடுவேன். செருப்பு மட்டும் எனக்கு வேலை வைக்காது. வாசலில் நான்கு ஜோடி கிடந்தால் யாராவது எண்ணிவிடுவார்கள் என்று, முதல் நாளிலிருந்தே அக்கா தன் செருப்பைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு உள்ளே எடுத்து வந்துவிடுவாள். தினமும் அப்படித்தான்.

ஆறு நாளும் ஐஸ் தண்ணீரில் கையை விட்டு நிற்கிறவளுக்கு ஞாயிறு ஒருநாள்தான் ஓய்வு. அதில் மாதம் ஒன்றை இப்படிப் பறித்துக்கொண்டோம். அவள் போர்ட் கொச்சிக்கு நடந்து போய் வைப்பின் தீவுக்குப் போகும் படகில் ஏறுவாள். அக்கரை போய், அதே படகில் திரும்பி, மறுபடியும் அக்கரை. மழை பெய்தாலும் படகுக்குக் கூரை உண்டு, டிக்கெட்டும் மலிவு. மூன்று மணிக்கு மேல் திரும்பி வந்து, மாதாமாதம் எனக்குக் கப்பல் பயணம், உங்களுக்கு வாய்க்குமா என்று எங்களையே கேலி செய்வாள். கடலைப் பொட்டலம் ஒன்றை மகள் கையில் திணிப்பாள். உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு வலிக்கிறது என்று ஒரு தடவை மட்டும் சொன்னாள்.

அதே மழை மாதங்களில் நான் வேலை பார்க்கும் ஹோம்ஸ்டேயில் எட்டு அறைகளும் காலியாகக் கிடக்கும். வெள்ளைக்காரர்கள் நவம்பருக்குப் பிறகுதான் வருவார்கள். மெத்தையில் பூஞ்சை பிடிக்கக் கூடாதென்று நான் தினமும் போய் ஒவ்வொரு அறையாகத் திறந்து, மின்விசிறியைப் போட்டு, விரிப்பை மாற்றி, வாசனைக்குப் புல்தைலம் தெளித்துவிட்டு மூடுவேன். யாரும் படுக்காத படுக்கையை எட்டு முறை தட்டி நேராக்குவேன். முதல் ஞாயிறுகளில் சேச்சியை அனுப்பிவிட்டு நான் அங்கே போகும்போதும் அக்கா படகில் உட்கார்ந்திருப்பாள். முதல் ஞாயிறு மட்டும் அவளை ஓர் அறையில் படுக்க விடலாமா என்று முதலாளியிடம் கேட்க எத்தனையோ தடவை நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் வேலை போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போயிருக்குமா என்பது இன்றுவரை தெரியாது.

மகள் எங்களை விடக் கெட்டியாகக் கற்றுக்கொண்டாள். பள்ளியில் குடும்பப் படம் வரையச் சொன்னபோது மூன்று பேரை வரைந்து, மூவருக்கும் மேலே ஒரே குடையையும் வரைந்து கொண்டுவந்தாள். டீச்சர் நட்சத்திரம் போட்டிருந்தார். அக்கா அதைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தாள். "நல்லா வரஞ்சிருக்கடா தங்கம், இப்படித்தான் இருக்கணும்" என்றாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. பசியில்லை என்றதை நான் நம்பியதுபோல் இருந்துகொண்டேன்.

கரார் முடிய இரண்டு மாதம் இருக்கையில் சேச்சி மாடியில் புதிதாக ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்தார். பழையதைவிடப் பெரியது, கறுப்பு நிறம். ஏறிப் பார்த்துவிட்டு வந்த கணவர், இனித் தண்ணீருக்குக் கஷ்டமில்லை என்று சந்தோஷப்பட்டார். இதற்கும் சேர்த்து வாடகையை ஏற்றப்போகிறார் பாருங்கள் என்று நான் அவரிடம் எரிந்து விழுந்தேன். என் புத்தி அப்படித்தான் ஓடியது.

அடுத்த மாதத்து ஞாயிறு. சேச்சி சாயாவைக் குடித்து முடித்துத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"கரார் புதுக்கும்போ ஒரு காரியம் பறயானுண்டு, மோளே. ஆளுகளோட காரியமா."

கரார் புதுப்பிக்கும்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டுமாம், ஆட்களைப் பற்றி. இவ்வளவுதான் சொன்னார். சிரித்தபடியேதான் சொன்னார். பழைய பள்ளுருத்தி வீட்டுக்காரரின் சிரிப்பும் சாயாவும் கண்முன்னால் வந்து நின்றன. தெரிந்துவிட்டது, வெளியே போகச் சொல்லப்போகிறார், இல்லையென்றால் தலைக்கு இவ்வளவு என்று ஏற்றப்போகிறார். மழைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. மழையில் பிள்ளையை வைத்துக்கொண்டு வீடு தேடிய அனுபவம் ஏற்கெனவே ஒரு தடவை உண்டு.

அன்று மாலை அக்கா கடலைப் பொட்டலத்தோடு வந்து நுழைந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன். எலுமிச்சை மூடியைச் சன்னலில் வைக்காதே என்று எத்தனை தடவை சொன்னேன், ஏன் சத்தமாகச் சிரிக்கிறாய், ஏன் பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்ணிடம் பேசுகிறாய் என்று ஒவ்வொன்றாக ஆரம்பித்தேன். அவள் கடலைப் பொட்டலத்தை மகள் கையில் கொடுத்தாள். அந்த நிதானமே எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. கடைசியில் அந்த வார்த்தை வந்துவிட்டது.

"உன்னாலதான் நாங்க தெருவுக்கு வரப்போறோம்."

நாங்கள் என்று சொன்னேன். அந்த 'நாங்கள்' என்பதில் அவள் இல்லை. கணவர் என்னை அதட்டினார், ஆனால் தாமதமாக. அக்கா எழுந்து போய்க் கையைக் கழுவினாள். மகளுக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள். மறுநாள் காலையில் அவளுடைய பை கட்டப்பட்டு வாசலில் இருந்தது. அரூரில் ஒரு செம்மீன் கம்பெனி இருக்கிறது, ஷெட்டுக்கு மேலே ஹாலில் பெண்கள் தங்கிக்கொள்ளலாம், அதற்கு வாடகை பிடிப்பதில்லை, கூலி கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான் என்றாள். எல்லாவற்றையும் முன்கூட்டியே விசாரித்து வைத்திருக்கிறாள். எத்தனை மாதமாக விசாரித்து வைத்திருந்தாளோ. கரார் எழுதி முடிந்ததும் கூட்டிக்கொள்கிறேன் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, கவரிலிருந்து செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு போனாள்.

கரார் எழுத வந்த அன்று சேச்சி முத்திரைத்தாளோடு கண்ணாடியையும் எடுத்துவந்திருந்தார். வாடகையை அவர் ஏற்றியது நான் பயந்ததில் பாதிகூட இல்லை. அதிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். பெயர்கள் எழுதும் இடம் வந்ததும் பேனாவை நிறுத்தினார்.

"நாலு பேரில்லே? நாலாமத்தெ ஆள்டெ ஆதார் கோப்பி தா. எழுதாம்."

நாலாவது ஆளின் ஆதார் நகலைக் கொடு, எழுதுகிறேன் என்கிறார். ஒரு வார்த்தை போதும். உண்டு சேச்சி, என் கூடப்பிறந்தவள், இப்போது அரூரில் இருக்கிறாள், நாளைக்கே வந்துவிடுவாள் என்று சொன்னால் முடிந்தது. என் கணவர் வாயைத் திறக்கப் போனார். நான் முந்திக்கொண்டேன்.

"இல்ல சேச்சி, மூணு பேர்தான்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அக்காவின் பாய் எப்போதும் சாய்ந்து நிற்கும் மூலையைப் பார்த்தார். அங்கே சுவரில் எண்ணெய்க்கறை மட்டும் இருந்தது. உறுதிதானா என்று இன்னொரு முறை கேட்டார். உறுதி என்றேன். மகள் என் பக்கத்தில் நின்று, மூணு பேர், அச்சன், அம்மா, ஞான் என்று மலையாளத்தில் ஒப்பித்தாள். சேச்சி அவள் தலையைத் தடவிவிட்டு மூன்று பெயரை எழுதினார்.

அன்று மாலை நான் எவ்வளவு பெருமையாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொறி வைத்தார்கள், சிக்கவில்லை என்று கணவரிடம் பீற்றிக்கொண்டேன். அக்காவுக்குப் போன் செய்து, தப்பித்துவிட்டோம் என்றேன். பின்னால் பல பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. நல்லது என்றாள் அக்கா. எப்போது வரட்டும் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. என்னாலும் கூப்பிட முடியவில்லை. உறுதி என்று சொன்ன வாயோடு, அடுத்த வாரமே நான்காவது ஆளை எப்படி உள்ளே கொண்டுவருவது?

மழை வந்தது. கணவருக்கு வேலை நின்றது. ஹோம்ஸ்டேயில் ஆளில்லாததால் எனக்கும் பாதிச் சம்பளம். அக்காவின் கூலி இல்லாத வீட்டில் முதல் மாதம் வாடகை எப்படியோ கொடுத்தோம். இரண்டாவது மாதம் முடியவில்லை. மூன்றாவது மாதமும் முடியவில்லை. சேச்சி வந்து, சாயா குடித்து, குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். அந்தப் பொறுமையை என்னால் தாங்க முடியவில்லை. ஓணம் வருவதற்குள் நாங்களாகவே காலி செய்கிறோம் என்று சொல்லிவிட்டோம். மூன்று பேருக்கு எழுதிய வீட்டில் மூன்று பேராக இருந்து வாடகை கட்ட எங்களால் முடியவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

சாமான்களை ஆட்டோவில் ஏற்றும்போது சேச்சி வந்தார். பாக்கியைக் கழித்துக்கொண்டு முன்பணத்தில் மீதியைக் கையில் கொடுத்தார். பிறகு வெறுமையாகக் கிடந்த அறைக்குள் போய், சன்னல் திண்டைக் கையால் தடவினார்.

"என்டெ அம்மை செம்மீன் கிள்ளான் போயிருந்நதா. நாரங்ஙா எத்ர தேச்சாலும் ஆ மணம் போவில்லா. ஆத்யத்தெ மாசமே எனிக்கு மனசிலாயி, மோளே. நீ பறயட்டேன்னு வெச்சு."

அவருடைய அம்மா செம்மீன் உரிக்கப் போனவர். எலுமிச்சை எவ்வளவு தேய்த்தாலும் அந்த வாடை போகாதாம். முதல் மாதமே புரிந்துவிட்டது, நீயாகவே சொல்வாய் என்று காத்திருந்தேன் என்கிறார். அவர் கோபமாக இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. எல்லாப் பகுதியிலும் இப்படித்தான் ஆள் கூடுதல் என்று தெரிந்துதான் பெரிய தொட்டி வைத்தாராம். இருக்கிறவர்கள் பெயரெல்லாம் காகிதத்தில் இருந்தால் நாளைக்கு யாராவது விசாரித்து வந்தாலும் யாருக்கும் சங்கடமில்லை என்று நினைத்தாராம். மற்ற மூன்று பகுதியிலும் உண்மையைச் சொல்லி எழுதிக்கொண்டார்களாம். வாடகை ஒரு ரூபாய்கூட அதற்காக ஏறவில்லை. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்ததால் அதற்குமேல் நிற்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது பள்ளுருத்தியில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் ஷீட் போட்ட ஒற்றை அறையில் இருக்கிறோம். வெயிலில் வேகும், மழையில் பேச்சுக் கேட்காது. இங்கே எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை. வாடகையைப் போனில் அனுப்புகிறோம், வீட்டுக்காரரை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். பத்துப் பேர் இருந்தாலும் அவருக்குக் கவலையில்லை.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றி, பையிலிருந்து ஒரு கவரை எடுத்து, அதற்குள் போட்டு, கையோடு உள்ளே கொண்டுவந்து சுவரோரமாக வைத்தாள். வெளியே விட்டுவிட்டு வா அக்கா, இங்கே யாரும் எண்ண மாட்டார்கள் என்றேன். பழகிவிட்டது என்றாள். சாப்பிட்டோம். மகளின் தலையைப் பின்னிவிட்டாள். பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். சேச்சி பேனாவை நிறுத்திக் கேட்டதை, நான் இல்லையென்றதை, தொட்டியை, எலுமிச்சையை. இத்தனை நாள் அவளிடம் இதை மறைத்துவைத்திருந்ததையும் சொன்னேன். அக்கா சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டியபடி கேட்டாள். அழுதது நான்தான். இங்கேயே வந்துவிடு, இது உன் வீடு என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஐஸில் ஊறி ஊறி நகக்கண்ணெல்லாம் வெடித்த கை.

"வேணாம்டி. அங்க கட்டில்ல என் பேரை எழுதி ஒட்டிருக்காங்க."

கோபத்தில் சொல்லவில்லை. எனக்கு வலிக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. இருபது பெண்கள் படுக்கும் ஹாலில், சுவரோரக் கட்டிலில், நீல மையில், மலையாளத்தில் எழுதியிருக்கிறார்களாம். அது தன் பெயர்தானா என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாளாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் வெட்கம் இருந்தது.

ஐந்து மணிக்குக் கிளம்பினாள். கவரிலிருந்து செருப்பை எடுத்து வாசலில் போட்டு மாட்டிக்கொண்டு, கவரை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். அரூர் பஸ் வரும்வரை நானும் கூட நின்றேன்.